மரியாச்சியில் வயலின் கற்கும் பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் வீட்டிலேயே வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மெக்சிகோவின் நாட்டுப்புற இசையான மரியாச்சியைப் பள்ளிக் குழுவில் வாசிக்கிறார்கள், அல்லது வாசிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுடைய அம்மா, அப்பா, பாட்டி கேட்கும் சந்தேகங்கள் வருடா வருடம் ஒன்றேதான். அண்மைக்காலமாக இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் சிலரும் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பதில் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கேட்டவற்றைத் தமிழில் தந்திருக்கிறேன். கேட்டவர்களின் தொனியில் கை வைக்கவில்லை.

மரியாச்சி என்றால் பெரிய தொப்பியும் டிரம்பெட்டும்தானே? இதில் வயலினுக்கு என்ன வேலை?

வயலின்தான் அங்கே மூத்தது, டிரம்பெட் பிறகு வந்தது. மெக்சிகோவின் மேற்குப் பகுதியில், ஹலிஸ்கோ மாநிலத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த கிராமத்து இசை இது. ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த வயலினும் ஹார்ப்பும், உள்ளூரில் உருவான விவேலாவும் கிட்டாரோனும் சேர்ந்ததுதான் பழைய மரியாச்சி. விவேலா ஐந்து தந்திகள் கொண்ட, முதுகு புடைத்த சிறிய வாத்தியம். கிட்டாரோன் ஆறு தந்திகளும் பானை வயிறும் உள்ள பெரிய வாத்தியம், அடிநாதம் அதனுடையது. வானொலியும் சினிமாவும் வளர்ந்த 1930களுக்குப் பிறகுதான் டிரம்பெட் நிலைத்த இடம் பிடித்தது.

இன்றைய முழுக் குழுவில் இரண்டு டிரம்பெட் இருந்தால் ஆறு வயலினாவது இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹலிஸ்கோவின் தெக்காலித்லான் ஊரில் காஸ்பர் வர்காஸ் தொடங்கிய மரியாச்சி வர்காஸ் குழுவைத்தான் இன்றும் எல்லாரும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அந்தக் குழுவின் ஒலியை நவீனமாக்கிய ரூபென் ஃபுவென்டெஸும் 1944இல் அதில் வயலின் கலைஞராகச் சேர்ந்தவர்தான். யுனெஸ்கோ 2011இல் மரியாச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம்?

வயலினை ஐந்து, ஆறு வயதில் தொடங்கலாம். பள்ளி மரியாச்சிக் குழுக்கள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. நடுவிலுள்ள வருடங்கள் வீட்டிலும் தனி வகுப்பிலும் போகும். பத்து வயதாகிவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு: பத்து வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் கற்பதை ஐந்து வயதுப் பிள்ளை கற்க இரண்டு வருடம்கூட ஆகலாம். தாமதம் என்று ஒன்றும் இல்லை.

பெரிய வயலினாகவே வாங்கிவிட்டால் வளர்ந்த பிறகும் உதவுமே?

செருப்பை அப்படி வாங்கலாம், வயலினை வாங்கக் கூடாது. அளவு மிஞ்சினால் இடது கை முழுவதும் நீண்டு விறைத்துவிடும், விரல் சரியான இடத்தில் விழாது, தோள் வலிக்கும். பிள்ளையை இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 20 அங்குலம் என்றால் அரை அளவு, 22 என்றால் முக்கால் அளவு, 23ஐத் தாண்டினால் முழு அளவு. எல்லைக்கோட்டில் இருந்தால் சிறியதே நல்லது. முழு அளவு வரும்வரை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பராமரிப்பில் இரண்டு விஷயங்கள் போதும். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்த வேண்டும். வில்லின் மயிரை விரலால் தொடவே கூடாது, விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் ரோஸின் (வில்லில் தேய்க்கும் பிசின்) ஒட்டாது. இரண்டாவது, காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். டெக்சஸ் ஆகஸ்டு வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த ஒரு வயலினைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஓரத்துப் பசை இளகி, மேல்பலகை விளிம்பில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. தந்திகள் தளர்ந்து, அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் சாய்ந்து கிடந்தது. பழுதுபார்க்க முடிந்தது, ஆனால் அந்தச் செலவில் ஒரு வருட வாடகை கட்டியிருக்கலாம்.

முதலில் முறையாக மேற்கத்திய சாஸ்திரிய இசை கற்கட்டும், மரியாச்சிக்குப் பிறகு போகட்டும் என்று நினைக்கிறோம். சரிதானே?

நான் அதிகம் வாதாடும் கேள்வி இதுதான். கை வைக்கும் முறை, வில் பிடிக்கும் முறை, ஸ்வரங்களின் துல்லியம், ஸ்கேல் பயிற்சி ஆகியவை இரண்டுக்கும் பொது. அவற்றைச் சாஸ்திரியப் பாடப் புத்தகத்திலிருந்து எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் "முதலில் அது, பிறகு இது" என்று வரிசைப்படுத்தும்போது பிள்ளையின் காதில் வேறொன்று விழுகிறது: பாட்டி கேட்கும் இசை இரண்டாம் தரம் என்று. பத்து வயதில் அந்த எண்ணம் பதிந்துவிட்டால் பதினைந்து வயதில் அழிப்பது கடினம்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மரியாச்சி வில்லுக்கு வேறு எடை. உருக்கமாகப் பாடும் ரான்சேரா பாட்டில் வில் தந்தியில் ஆழ அழுந்தி நீண்டு இழுபடும், அதிர்வு அகலமாக இருக்கும். சோன் என்ற கிராமத்து ஆட்டப் பாட்டு வகையில் குட்டைக் குட்டையாக, வெட்டி வெட்டி வரும். ஐந்து வருடம் ஒரே பாணியில் பழகிய கைக்கு இது எளிதில் வராது. அருகருகே கற்ற கை இரண்டையும் வைத்துக்கொள்ளும். எனவே பாடத்தின் முதல் பாதி ஸ்கேலும் பயிற்சியும், பின்பாதி ஒரு மரியாச்சிப் பாட்டு என்று முதல் வருடத்திலிருந்தே பிரித்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வாத்தியமும் தெரியாது. பாடம் சரியா தவறா என்றுகூடத் தெரியவில்லை. நாங்கள் எப்படி உதவுவது?

தவறு கண்டுபிடிப்பது என் வேலை, உங்களுடையது அல்ல. வீட்டில் செய்ய வேண்டியது, பிள்ளை கற்கும் பாட்டு வீட்டுக்குள் புழங்கும்படி பார்த்துக்கொள்வது. சமைக்கும்போதும் காரில் போகும்போதும் அந்தப் பாட்டு ஓடட்டும். ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி தாய்மொழி கற்பதுபோல் இசையைக் கற்பிக்க வேண்டும் என்று சொல்லி, கேட்பதையும் பெற்றோர் உடனிருப்பதையும் தன் முறையின் அடிப்படையாக வைத்தார். ஹலிஸ்கோ கிராமங்களில் அப்பாவிடமும் மாமனிடமும் உட்கார்ந்து கற்ற பிள்ளைகள் அதற்கு வெகுகாலம் முன்பே அப்படித்தான் கற்றார்கள்.

என்னிடம் கற்கும் ஒரு சிறுமியின் பாட்டி வகுப்புக்குத் துணையாக வருவார். ஒருநாள் "சியெலித்தோ லிந்தோ" என்ற பழைய மெக்சிகோ பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். பேத்தி ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு விடாமல் அடுத்த வரிக்குள் ஓடினாள். நான் இரண்டு முறை சொல்லியும் நடக்கவில்லை. பாட்டி பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலேயே, பாதிக் குரலில் வரிகளைப் பாட ஆரம்பித்தார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் பேத்தியின் வில்லும் நின்றது. அந்தப் பாட்டிக்கு ஒரு ஸ்வரத்தின் பெயரும் தெரியாது.

தினப்படி ஒழுங்கு என்று கேட்டால்: சிறு பிள்ளைக்கு நாளுக்கு இருபது நிமிடம், ஒரே நேரத்தில். வாரக் கடைசியில் மொத்தமாக இரண்டு மணிநேரம் உட்கார்த்திவைப்பதால் பயனில்லை. பயிற்சி முடிந்ததும் "எனக்கு அந்தப் பாட்டை ஒருமுறை வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு எதையும் திருத்தாதீர்கள்.

சத்தம் தாங்க முடியவில்லை. இந்தக் கீச்சுக்குரல் எப்போது நிற்கும்?

சில மாதங்களில் குறையும். வில், பிரிட்ஜுக்கும் விரல்பலகைக்கும் நடுவில் நேராகப் போகக் கற்றதும் பாதி போய்விடும். ரோஸின் போடாத வில்லும் பழைய தந்தியும் பிள்ளையின் தலையில் பழி சுமத்துவதுண்டு, முதலில் அவற்றைப் பாருங்கள். கழிவறையில் போய் வாசிக்கச் சொல்லாதீர்கள். அங்கே எதிரொலி இன்னும் மோசம்.

வயலின் வாசிக்கத்தானே சேர்த்தோம், பாடவும் வேண்டுமாமே? பையன் வெட்கப்படுகிறான்.

ஆமாம், பாட வேண்டும். மரியாச்சியில் தனிப் பாடகர் என்று ஒருவர் கட்டாயம் இல்லை. வாசிக்கிறவர்களே முறை வைத்து முன்னால் வந்து பாடுவார்கள். பல்லவியை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். தன் முறை வரும்போது வயலினை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்து பாடிவிட்டு, இடையிசைக்குள் மறுபடி வயலினைத் தூக்கி வாசிக்கத் தொடங்க வேண்டும். இதுவே தனிப் பயிற்சி.

வெட்கத்துக்கு மருந்து க்ரிட்டோ. பாட்டின் நடுவே எழுப்பும் அந்த உரத்த கூவலை முதலில் பழக்குங்கள். தனியாகப் பாடக் கூசும் பையன் கூட்டத்தில் கூவத் தயங்க மாட்டான். கூவியவன் பல்லவியில் சேர்ந்துகொள்வான். குரல் உடையும் வயதில் மட்டும் கட்டாயப்படுத்த வேண்டாம். அப்போது சுருதியை இறக்கித் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்; நல்ல குழு எந்தப் பாட்டையும் வேறு சுருதிக்கு மாற்றிவிடும்.

மற்ற பாட்டெல்லாம் வாசித்துவிடுகிறாள், சோன் வந்தால் மட்டும் தாளம் தவறுகிறது. ஏன்?

எல்லாரும் தவறும் இடம் அது. போல்கா இரண்டு எண்ணிக்கை, வால்ஸ் மூன்று எண்ணிக்கை, பொலேரோ நான்கு, எண்ணினால் வந்துவிடும். ஹலிஸ்கோ சோன் அப்படி அல்ல. ஆறு சிற்றெண்ணிக்கைகள் ஒரு சுற்றில் மூன்று மூன்றாகப் பிரியும், அடுத்த சுற்றில் இரண்டு இரண்டாகப் பிரியும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சொற்கட்டாகவே சொல்லிவிடுவேன்: தகிட தகிட, தக தக தக. மொத்தம் அதே ஆறுதான், அழுத்தம் விழும் இடம் மாறுகிறது. விவேலா ஒரு பிரிவைச் சொல்லும்போது வயலின் மற்றொன்றைச் சொல்வதும் உண்டு, அங்கேதான் பிள்ளை தடுமாறும்.

காலால் தாளம் போடச் சொன்னால் குழப்பம் கூடும். வயலினைக் கீழே வைத்துவிட்டு, வலது கையால் மூன்றாகவும் இடது கையால் இரண்டாகவும் தொடையில் தட்டிப் பழகட்டும். பிறகு விவேலாக்காரரின் வலது கையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கட்டும். மனிகோ என்று சொல்லும் அந்த மீட்டல் முறையில்தான் தாளம் ஒளிந்திருக்கிறது. மரியாச்சியில் கோல் பிடித்து நடத்துபவர் இல்லை, எனவே கண் வேலை செய்ய வேண்டும். "எல் சோன் டே லா நெக்ரா" மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். அந்தத் தொடக்கத்தை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துச் சமாளித்தவரை நான் கண்டதில்லை.

அப்படியானால் நோட்டுப் படிக்கவே தேவையில்லையா?

தேவை. பள்ளிக் குழுக்களில் மூன்று வயலின் பாகங்கள் எழுதித்தான் கொடுக்கிறார்கள், போட்டிகளிலும் உதவும். ஆனால் மேடையில் தாள் கிடையாது, எல்லாம் மனப்பாடம். படித்துக் கற்று, கேட்டுத் திருத்தி, மறந்துவிடாமல் வைத்துக்கொள்வது என்று மூன்று படிகளாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஸ்பானிஷ் வராது. அர்த்தம் தெரியாமல் பாடினால் அசிங்கமாக இருக்காதா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பெற்றோர்கள்தாம். கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். காரணம் இருக்கிறது. 1918இல் டெக்சஸ் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1969இல்தான் அது நீங்கியது. பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கிய தாத்தா பாட்டிகள் இந்த ஊரில் ஏராளம். தங்கள் பிள்ளைகளுக்கு அந்த அடி விழக்கூடாது என்று வீட்டில் ஆங்கிலமே பேசினார்கள். அதன் விளைவைப் பேரப்பிள்ளை சுமக்கிறது. 1960களின் பிற்பகுதியில் இதே சான் அன்டோனியோவின் பள்ளிகளுக்குள் இசை ஆசிரியை பெல் ஓர்ட்டிஸ் மரியாச்சியைப் பாடமாகக் கொண்டுவந்தார் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

வழி எளிது. ஒரு பாட்டை எடுத்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து வரிக்கு வரி பொருள் கேட்டு எழுதட்டும். சொந்தக் கதைகள் கூடவே வரும். வகுப்பில் என்னால் தர முடியாத பாடம் அது. உச்சரிப்பில் உயிரெழுத்துகளைத் திருத்தமாகச் சொன்னால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

நாங்கள் மெக்சிகோக்காரர்களே அல்லர். எங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா?

பள்ளிக் குழு எல்லாருக்கும் பொது. அரிசோனாவின் டூசானில் 1964இல் "லோஸ் சாங்கித்தோஸ் ஃபெயோஸ்" என்ற சிறுவர் குழுவைத் தொடங்கிய சார்ல்ஸ் ரூர்க் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். மரியாச்சிப் பரம்பரையில் வந்தவர் அல்லர். சேர்ந்த பிறகு எதிர்பார்ப்பது ஒன்றுதான்: பாட்டை வேடிக்கையாக நினைக்காமல், யாருடைய இசை என்று தெரிந்து வாசிப்பது.

என் மகள் நான்கு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். இதுவும் சேர்ந்தால் குழம்பிவிடுவாளா?

தமிழ்ப் பெற்றோரின் கேள்வி. காது குழம்பாது, கைதான் கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும். கர்நாடக முறையில் தரையில் அமர்ந்து வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றுகிறோம். வாத்தியம் அசையாது என்பதால் இடது கை தாராளமாகச் சறுக்கலாம். மரியாச்சியில் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். கமகத்துக்குப் பழகிய விரல் முதலில் எல்லா ஸ்வரத்தையும் வளைக்கப் பார்க்கும். ஒரு பருவம் போனால் சரியாகும்.

சுருதி சேர்ப்பதில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். கர்நாடகத்தில் ஸ ப ஸ ப என்று சேர்ப்பது வழக்கம். இங்கே நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, ஈ. ஒரே வயலினைத் தினமும் ஏற்றி இறக்கினால் தந்தி நிலைக்காது, அறுந்தும் போகும். இரண்டு வயலின் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி முன்னே சொன்ன சோன் தாளம் இந்தப் பிள்ளைகளுக்கு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வரும், மனப்பாடமும் அப்படியே. பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பரம்பரையில் வந்தவர்களுக்கு இன்னொரு பாணி அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா? படங்களில் எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே?

அந்தப் படங்கள் பழையவை. 1994இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹோசே எர்னாண்டெஸ் தொடங்கிய மரியாச்சி ரெய்னா முழுக்கப் பெண்களின் குழு. நியூயார்க்கின் ஃப்ளோர் டே தொலோவாச்சே 2008இல் தொடங்கி, லத்தீன் கிராமி இசை விருதும் வாங்கியது. பள்ளிக் குழுக்களில் வயலின் வரிசையில் பெண்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

சார்ரோ உடை எங்கள் சக்திக்கு மீறியது. என்ன செய்வது?

குதிரைவீரர் உடையிலிருந்து வந்தது அது. பொத்தான்கள் காலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை இறங்கும், கழுத்தில் பூவேலை செய்த மோன்யோ என்ற டை கட்ட வேண்டும், தலையில் சொம்ப்ரேரோ என்ற அந்தப் பெரிய தொப்பி. விலை அதிகம்தான். ஆனால் பல பள்ளிகள் உடையைத் தாமே வைத்திருந்து தருகின்றன; கால்சட்டையின் நீளத்தை மட்டும் வீட்டில் மடித்துத் தைக்க வேண்டியிருக்கும். வெட்டாமல் மடித்துத் தையுங்கள், அடுத்த வருடம் அது வேறொரு பிள்ளைக்குப் போகும். சொந்தமாக வாங்க அவசரம் வேண்டாம். பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும்.

இதைப் படித்து என்ன ஆகப் போகிறது? எதிர்காலம் உண்டா?

லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் 1961இலேயே மரியாச்சிக் குழு தொடங்கியது. டெக்சஸ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்போது இருக்கிறது. மேலே சொன்ன டூசான் சிறுவர் குழு தன் உறுப்பினர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. அங்கே வளர்ந்த பையன்கள் 1971இல் மரியாச்சி கோப்ரேயைத் தொடங்கி, 1982இலிருந்து ஃப்ளோரிடாவின் எப்காட் பூங்காவில் வாசித்துவருகிறார்கள். எனினும் பெரும்பாலான பிள்ளைகள் வேறு தொழிலுக்குத்தான் போவார்கள். வார இறுதியில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் நர்சுகளும் ஆசிரியர்களும் இங்கே நிறைய இருக்கிறார்கள். நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை.

நிறுத்திவிடுகிறேன் என்று அழுகிறான். விட்டுவிடலாமா?

எதை நிறுத்த வேண்டும் என்று முதலில் கேளுங்கள். வயலினையா, குழுவையா, தனி வகுப்பையா, இருபது நிமிடப் பயிற்சியையா? பல சமயம் முதல் வயலின் பாகம் சுமையாக இருக்கும். மூன்றாம் பாகத்துக்கு மாற்றினால் அழுகை நின்றுவிடும். தடித்த விரல்களும் பொறுமையும் உள்ள ஒரு பையன் கிட்டாரோனுக்கு மாறி மலர்ந்துபோனான். உயர்ந்த ஸ்தாயியில் ஓடுவதைவிட அடியில் நின்று எல்லாரையும் தாங்குவது அவனுக்குப் பிடித்திருந்தது. எது கேட்டாலும் "இல்லை" என்றால் அந்தப் பருவ நிகழ்ச்சி முடியும்வரை வாசித்துவிட்டு நிறுத்தட்டும். குழுவை நடுவில் விட்டுப்போவது மட்டும் வேண்டாம்.

தாத்தா இறந்துவிட்டார். அடக்கத்தில் பேத்தி வாசிக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்பது வயது. அனுப்பலாமா?

பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கும் மரியாச்சி கல்லறையிலும் வாசிக்கும். குடும்பத்துக்குள் ஒரு பிள்ளை வாசித்தால் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அவளைத் தனியாகக் கேளுங்கள், பெரியவர்கள் சுற்றி நிற்கும்போது கேட்காதீர்கள். சம்மதித்தால், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பாட்டு. இறந்தவரை நினைத்து உருகும் ஹுவான் கப்ரியேலின் "அமோர் எத்தெர்னோ" பாட்டைக் கேட்பார்கள். அதைப் பெரியவர்களிடம் விடுங்கள். அவள் குழுவின் நடுவில் நிற்க வேண்டும், ஓரத்தில் அல்ல. அதே பாகத்தை வாசிக்கும் இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அழுகை வந்தால் வில்லை இறக்கிவிடலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். பாடும் பொறுப்பை மட்டும் தர வேண்டாம், தொண்டை அடைத்தால் வேறு வழியில்லை.

நிகழ்ச்சியில் பிள்ளை கையில் பணம் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

பள்ளி நிகழ்ச்சி என்றால் குழுவின் உண்டியலுக்குப் போகட்டும். விதி என்னவென்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டு விழாவில் பாட்டியோ மாமாவோ திணித்தால் வாங்கி நன்றி சொல்லலாம். ஈ தந்திதான் முதலில் அறுகிறது. அந்தப் பணத்தில் இரண்டு வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள்.